கம்பிக் காத்தாடி

பெரியப்பாவுக்கு என் படம் பிடித்துவிட்டது என்று என் அண்ணன் மகுடேஸ்வரன் வந்து சொன்னான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பேன்.

"அந்தக் காத்தாடிப் படம், வர்ஷினி. ஸ்டால்ல பின்னாடிச் செவுரு முழுக்க அதுதான் வேணுமாம். பெருசு பண்ணி வெக்கச் சொல்லு, மத்தியானம் வந்து பாக்கறேன்னு சொல்லிட்டாரு."

"அது வேண்டாமுங்கண்ணா. சும்மா வரைஞ்சு பாத்தது. அதைவிட நல்ல படமெல்லாம் இருக்குதுங்க."

"அவரு ஓகே போட்டுட்டாரு."

அதற்கு மேல் பேச்சில்லை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் பெரியப்பா ஓகே போட்டால் போட்டதுதான். பின்னலாடைக் கண்காட்சிக்காக நான் வரைந்து வைத்திருந்த படங்களை அண்ணன் காலையில் குடும்ப வாட்ஸப் குரூப்பில் மொத்தமாக அனுப்பியிருக்கிறான். அந்த ஒரு படத்தை நான் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. புத்தி புல் மேயப் போயிருந்தது.

நான் தூரிகை பிடித்து வரைகிறவள் இல்லை. புரோகிராம் எழுதுவேன், அது வரையும். மலை எவ்வளவு உயரம், எத்தனை அடுக்கு, தூரத்து மலைக்கு எவ்வளவு நீலம், பனி எங்கே படிய வேண்டும், எல்லாமே எண்கள்தான். எண்ணை மாற்றி ஓடவிட்டால் வேறு மலை வரும். அப்படி வருகிற மலை உலகத்தில் எங்கும் இருக்காது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். தோட்டம், மில், கார், கம்பெனி என்று எதைத் தொட்டாலும் பெரியப்பாவுடையதாக இருக்கும் இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மலையை நான் உண்டாக்கிக்கொள்ளலாம்.

இந்தப் படத்தில் மட்டும் மலையைப் புரோகிராம் உண்டாக்கவில்லை. ராஜ்கமல் அனுப்பிய போட்டோவில் இருந்து எடுத்தது.

ராஜ்கமல் என் கணவன். அது தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும், ரெஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவனுடைய சிநேகிதர்களும்தான். எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தவன். அவன் அம்மா ஒச்சாயி இங்கேயே செக்கிங் பிரிவில் இருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பிழைக்க வந்த குடும்பம், எங்கள் ஆட்கள் இல்லை. நாங்கள் பழகுவது தெரிந்த அன்றே பெரியப்பா தாயையும் மகனையும் வேலையை விட்டு நிறுத்தினார். சத்தமே போடவில்லை. ஒச்சாயி அம்மாவை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "பையனை இந்தப் பக்கம் வர வேண்டாமுன்னு சொல்லுங்கம்மா. வந்தா நீங்கதான் அழுவோணும்" என்று சொல்லி அனுப்பினார். பிறகு, நான் இன்னும் அவனோடு பேசுகிறேன் என்ற சந்தேகம் வந்ததும், ஆட்களோடு உசிலம்பட்டி வரைக்கும் போய்த் தேடினார். எதற்குத் தேடினார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவன் உசிலம்பட்டியில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், தேங்காய் நார் ஷெட்டின் மாடி அறையில் இருந்தான். கிட்டத்திலேயே இருந்தால் யாரும் தேட மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. பெங்களூரில் வேலை உறுதியானதும் இருவரும் கிளம்புவதாக ஏற்பாடு. ஒருநாள் அறை ஜன்னலில் இருந்து தெரிகிற மலையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 'நீ வரையிற மலை மாதிரியே இருக்கு பாரு' என்று கீழே எழுதியிருந்தான்.

போட்டோ எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் மலையின் விளிம்பைப் புள்ளி புள்ளியாக எடுத்து, எண்களாக்கி, புரோகிராமில் போட்டுக்கொண்டேன். முன்னால் நின்ற காற்றாலைக் காத்தாடிகளையும் ஒற்றைப் பனைமரத்தையும்கூட விடவில்லை. தினமும் அவன் பார்ப்பதை நானும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போட்டோ இல்லை, வெறும் எண்கள், இதை வைத்து யார் என்ன கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"போடு. எம் முன்னாடியே பெருசு பண்ணு, பாக்கலாம்."

போட்டோவைப் பெரிதாக்கினால் மங்கும். என் படம் நேர்மாறு. அளவைக் கூட்டினால் புரோகிராம் முதலில் இருந்து புதிதாக வரையும், பெரிதாகப் பெரிதாகத் தெளிந்துகொண்டே போகும். அதை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை! இப்போது அதே தெளிவுதான் பயமாக இருந்தது. அண்ணன் போனைப் பார்த்த நேரத்தில் மலை விளிம்பின் எண்கள் சிலவற்றைக் கூட்டிக் குறைத்துவிட்டு ஓடவிட்டேன்.

படம் மேலிருந்து கீழாக வரத் தொடங்கியது. முதலில் வானம், பிறகு தூரத்து மலை.

"மலை மாறிப்போச்சே?" என்றான் அண்ணன்.

"ஓடவிடற ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் மாறுமுங்கண்ணா."

"மாறக் கூடாது. அவரு பாத்தது எதுவோ அதுதான் வேணும். பழசையே போடு."

பழைய எண்களையே போட்டேன். அசல் மலை வந்தது. இரண்டு முகடுகளுக்கு நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஒரு பள்ளம். அதற்கு முன்னால் காத்தாடிகள். ஒரு ஓரத்தில் பனை. அந்த மலையைப் பார்த்தால் எப்போதும் எனக்கு அவன் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அன்றைக்கு அவனை நானே கையைப் பிடித்து இழுத்து வந்து இவர்கள் முன்னால் நிறுத்துவதுபோல் இருந்தது.

அண்ணன் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனான்.

"இது என்ன, கம்பி கம்பியா?"

"காத்தாடிங்கண்ணா."

"தெரியுது. மத்ததெல்லாம் குழாய் மாதிரி நிக்குது. இது ஒண்ணு மட்டும் ஏன் கம்பிக் கோபுரத்து மேல நிக்குது?"

எனக்கு என்ன தெரியும்? போட்டோவில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு உடுமலைப் பக்கம் காத்தாடிகள் உண்டு, மில்லுக்கு வேண்டிய கரண்ட் அந்தக் கணக்கில்தான் வருகிறது என்பதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அண்ணன் மாதாமாதம் போய்வருவான். வீட்டுப் பெண்களை யாரும் காத்தாடி பார்க்கக் கூட்டிப்போனதில்லை. எனக்குக் காத்தாடி என்றால் மூன்று இறக்கை, அவ்வளவுதான்.

"இது எந்த எடம் அம்மிணி?"

"எடமே இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டர் தானா வரையறது."

அண்ணன் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். கீழே ஓடும் தையல் மெஷின்களின் சத்தம் பாதியாகக் குறைந்தது. சின்ன வயதில் என் சடையைப் பிடித்து இழுத்த அண்ணன்தான், ஐஸ் வாங்கி முதல் வாய் எனக்குக் கொடுத்த அண்ணன்தான். ஆனாலும் தாழ்ப்பாள் விழுந்த அந்தச் சத்தத்தில் எனக்கு அண்ணன் என்று ஒருவன் இல்லாமல் போய்விட்டான்.

திரும்பி வந்து நின்றான். உட்காரவில்லை.

"அந்தக் கம்பிக் காத்தாடிய எடு."

"எதுக்குங்கண்ணா? அவரு பாத்ததே..."

"எடுன்னா எடு."

எடுத்தேன்.

"பனைமரத்தை எடு. அந்த மலை வெட்டு இருக்குதல்ல, அதை மூடு."

பள்ளத்தின் எண்களை ஒவ்வொன்றாக உயர்த்தினேன். ஒரு எண்ணைத் தப்பாக அடித்ததில் மலைமேல் ஊசி மாதிரி ஒரு கூர் முளைத்தது. அதையும் சரி செய்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதற்காகத்தான் ஒவ்வொன்றாக அழிக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

படம் முடிந்தது. வழவழவென்று ஒரு மலை, முன்னால் ஒரே மாதிரி காத்தாடிகள். எந்த ஊராகவும் இருக்கலாம்.

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கம்பிக் காத்தாடி நம்மளுது வர்ஷினி. பெரியப்பா மொதமொதல்ல வாங்குனது. அந்த வரிசையில கம்பிக் கோபுரம் அது ஒண்ணுதான். பழசாப் போச்சு, கழட்டி வித்துரலாமுன்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டோம், மாட்டேன்னுட்டாரு. செவுத்து அளவுக்கு அதைப் பாத்தாருன்னா எந்தப் பக்கம் நின்னு எடுத்ததுன்னுகூடச் சொல்லிப்போடுவாரு."

பெரியப்பாவுக்குப் பயந்து ஒளிந்தவன் பெரியப்பாவின் காத்தாடியைத் தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டு பல் விளக்கியிருக்கிறான்.

"அவனை அங்கிருந்து உடனே கெளம்பச் சொல்லு," என்றான் அண்ணன்.

"யாரைங்கண்ணா?"

"வர்ஷினி."

"எனக்கு யாரையும் தெரியாதுங்க."

அண்ணன் மேஜையில் கையை ஓங்கினான். அடிக்கவில்லை, அப்படியே வைத்தான். "அவன்மேல எனக்குக் கோவம் இன்னும் ஆறுல. அது வேற. உசிலம்பட்டிக்குப் பெரியப்பாவை வெச்சுக் கார் ஓட்டிட்டுப் போனவன் நானு. வழி நெடுக அவரு என்ன சொல்லிட்டு வந்தாருன்னு கேட்டவன் நானு. அன்னிக்கிருந்து எனக்குச் சோறு எறங்கறதில்ல."

நம்பலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் வேறு கணக்குப் போட்டது. நார் ஷெட்டில் பகலெல்லாம் ஆட்கள் வேலை செய்வார்கள். அத்தனை பேருக்கு நடுவில் போய் ஒருவனைத் தொட முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் தனியாக நிற்பவனைத் தொடலாம். அவனை வெளியே வரவைக்கத்தான் அண்ணனை அனுப்பியிருக்கிறார்களோ? நான் போன் செய்தால், அவன் சாவுக்கு நானே வழி சொன்னதாகிவிடுமோ?

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கீழே கார் ஹாரன் கேட்டதும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

பெரியப்பா ஆத்தப்பன் மாடி ஏறி வரும்போதே பேசிக்கொண்டு வருவார். வாட்ச்மேனிடம் மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பார், அயர்னிங் பெண்ணிடம் சாப்பிட்டாயா என்பார். அப்பா இறந்த பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய விசிறியவர். அவரை வெறுக்க முடிந்திருந்தால் என் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

"எங்க கண்ணு, காட்டு பாக்கலாம்."

காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்குது கண்ணு. ரொம்ப நல்லாருக்குது."

தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது அவர் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார்.

திருப்பூரில் ஓகே ஆன சாம்பிள் என்றால் அதற்குக் கோயில் மரியாதை. சரக்கு முழுவதும் தயாரான பிறகு, சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யாரும் வண்டி ஏற்ற மாட்டார்கள். பெரியப்பாவோ நூல் நூலாகப் பார்க்கிற ஆள். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தினமும் அதைத்தான் செய்கிறோம். திரையில் இருந்ததை அத்தனை கவனமாக அழித்த நாங்கள், அவர் ஓகே போட்ட சாம்பிள் அவர் பையிலேயே இருக்கிறது என்பதைப் பயத்தில் மறந்துபோனோம்.

போனில் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கி, திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"காலையில நான் பாத்ததுல கம்பிக் காத்தாடி இருந்துச்சே?"

"நான்தானுங்க பெரியப்பா எடுக்கச் சொன்னேன்," என்றான் அண்ணன். "பழைய மெஷினா இருக்குது, சரக்கு வாங்கற பையர் பாத்தா நல்லாருக்காதுன்னு."

"அது இருந்ததாலதானப்பா எனக்குப் பிடிச்சுது. நம்ம காத்தாடி மாதிரியே இருக்குதேன்னு பாத்தேன்." என் பக்கம் திரும்பினார். "நீதான் அங்க போனதே இல்லியே கண்ணு. எப்புடி வரைஞ்சே?"

வாய் திறந்தால் அழுகைதான் வரும்.

"போன மாசம் மீட்டர் ரீடிங் பாக்கப் போனப்ப நான் எடுத்த போட்டோங்க பெரியப்பா," என்றான் அண்ணன். "அதைப் பாத்துத்தான் வரைஞ்சா."

சட்டென்று சொன்னான், யோசிக்கவே இல்லை. அந்த வீட்டில் பெரியப்பாவிடம் யாரும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அண்ணனின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அந்தத் துடிப்பைப் பார்த்த பிறகுதான் அவனை நம்பினேன்.

"எங்க, அந்தப் போட்டோவைக் காட்டு."

"அழிச்சுட்டேனுங்க. போன்ல எடமில்லீங்க."

பெரியப்பா போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கோபம் இல்லை. சிரிப்புக்கூட இருந்தது.

"அதுக்கென்ன, போய் இன்னொண்ணு எடுத்தாப் போச்சு. வா, நேர்லயே போயிட்டு வந்துருலாம். எங்க நின்னு எடுத்தேன்னு காட்டு. கண்ணு, நீயும் கெளம்பு."

"இப்பவேங்களா? பொழுது சாஞ்சுருமுங்க பெரியப்பா."

"சாயறதுக்குள்ள போயிருலாம்."

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டாவது மணியிலேயே ராஜ்கமல் எடுத்துவிட்டான்.

"இப்பவே கெளம்பு. பையக்கூட எடுக்காத. எங்க பெரியப்பா அங்கதான் வர்றாரு."

"இந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"அப்புறம் சொல்றேன். எங்கண்ணன்தான் உன்னைக் கெளம்பச் சொன்னான்."

அவனுக்குப் பின்னால் நார் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நான் போட்ட அதே கணக்கை அவனும் போடுகிறான் என்று தெரிந்தது.

"வர்ஷினி, உங்க அண்ணனை நீ நம்புறியா?"

"நம்பறேன்," என்றேன். தப்பாக நம்பியிருந்தால் திருத்த முடியாது.

அண்ணன்தான் கார் ஓட்டினான். பெரியப்பா முன்னால், நான் பின்னால். பல்லடம் வரைக்கும் ஒவ்வொரு லாரிக்கும் வழி விட்டான், ஆளில்லாத பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் பிரேக் போட்டான்.

"ஏனப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா போறோம்? மிதி."

மிதித்தான். குடிமங்கலம் தாண்டியதும் காத்தாடிகள் தெரியத் தொடங்கின. அவற்றுக்குப் பின்னால், நான் எண் எண்ணாக எடுத்து வைத்திருந்த மலை. முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். என் கணவன் தினமும் பார்த்த மலை. அழகாக இருந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது.

கம்பிக் காத்தாடியின் அடியில் போய் அண்ணன் காரை நிறுத்தினான்.

"இங்கதானுங்க நின்னு எடுத்தேன்."

பெரியப்பா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இல்லியே. இங்கிருந்து பாத்தாப் பனைமரம் காத்தாடிக்கு இக்கட்டால இருக்குது. படத்துல அக்கட்டால இருக்குது."

பின்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று பார்த்தார், மறுபடி நடந்தார். அவர் நகர நகரப் பனைமரம் காத்தாடியைத் தாண்டி மறுபக்கம் வந்தது. மலை வெட்டு மெதுவாக நகர்ந்து காத்தாடிக்குப் பின்னால் சேர்ந்தது. கிட்டத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். என் புரோகிராமில் இதற்கென்றே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். நான் ஒரு புள்ளியைத் தப்பாகப் போட்டிருந்தால்கூட அவர் வழி தவறியிருப்பார். ஆசை ஆசையாக ஒன்றுவிடாமல் சரியாகப் போட்டிருந்தேன். அவர் நடந்த திசையில், தென்னைகளுக்கு நடுவே, நார் ஷெட்டின் தகரக் கூரை தெரிந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஷெட் வாசலில் பெரியப்பா நின்றார். போனைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"ஒசரத்துல நின்னு எடுத்திருக்குது," என்றார்.

நார் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அவரைப் பார்த்து எழுந்து நின்றார். "யாருங்க வேணும்? மேல இருந்த தம்பியா? இப்பத்தானுங்க டெம்போவுல ஏறிப் போச்சு. என்ன அவசரமோ, கதவைக்கூடச் சாத்துல."

போய்விட்டான். அண்ணன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நொடிதான் அன்றைக்கு எனக்குப் பயமில்லாத நொடி.

பெரியப்பா மாடிப்படி ஏறினார். நாங்களும் பின்னால் போனோம். பாய், தண்ணீர்க் குடம், கொடியில் ஒரு சட்டை. அந்தச் சட்டை எங்கள் கம்பெனியில் தைத்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், தையலைத் திருப்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் நின்று போனை நீட்டிப் பிடித்தார். அவர் தோளுக்கு மேல் எனக்கு இரண்டும் தெரிந்தன. காத்தாடி, பனை, மலை வெட்டு. போனுக்குள்ளும் வெளியிலும் ஒன்றேதான்.

"ஓகே பண்ணுன சாம்பிளுக்கும் சரக்குக்கும் ஒரு நூல் மாறுல கண்ணு," என்றார். "என்ன கை உனக்கு!"

திரும்பினார். என் தலையில் கை வைத்தார். அம்மை போட்டபோது வைத்த அதே கைதான்.

"அந்தப் பையன் இனி எந்த ஊர்ல எந்த ஜன்னல்ல இருந்து என்ன போட்டோ அனுப்பிச்சாலும், இதே மாதிரி அச்சு அசலா வரைஞ்சு பெரியப்பனுக்குக் காட்டோணும். செரியா?"

அண்ணன் எங்களுக்கு நடுவில் வரப் பார்த்தான். பெரியப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரிங்க பெரியப்பா," என்றேன்.

வீட்டுக்கு வந்து, யாரும் மேலே வராதபடி அண்ணன் வாசலில் காவல் நிற்க, மாடியில் துணி எடுக்கப் போனபோது ராஜ்கமல் கூப்பிட்டான். பஸ் இரைச்சல், டீக்கடைப் பாட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் குரல். தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"நல்லபடியா வந்து சேந்துட்டேன், பயப்படாத. இங்க எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனோட ரூம் இருக்கு. எந்த ஊருன்னா..."

"சொல்லாத," என்றேன்.

"என்ன?"

"எங்க இருக்கேன்னு எனக்குச் சொல்லாத. எப்பவும் சொல்லாத. ஜன்னல்ல என்ன தெரியுதுன்னுகூடச் சொல்லிராத, ராஜ்கமல்."